வேலிக்கு இப்பால் நின்று பார்த்த ஊர்வலம்



இலக்கியத்தின் பின்புலமாக நிற்கும் வரலாற்றைத் தொட்டுக் காட்டுவது இத்தொடரின் நோக்கங்களுள் ஒன்று. இன்று நான் எடுத்துக்கொண்டது ஊர்வலம். அரசாங்கம் நடத்தும் அணிவகுப்பு அன்று. சாதாரண மக்கள் தாமே கூடித் தாமே நடந்த ஓர் ஊர்வலம். அது 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் வீடு இணுவிலில், காங்கேசன்துறை வீதி ஓரத்தில் இருந்தது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஊர்வலம் என்றால் ஊரை வலம் வருதல். இச்சொல்லை எங்களுக்கு முதலிற் கற்றுத் தந்தது கோயில்தான். தேர்த் திருவிழாவன்று சுவாமி வீதி வலம் வருவார். தேருக்கு முன்னே மேளம், பின்னே பஜனை, இரு பக்கமும் சனம். சிறு வயதில் அதைப் பார்க்கும்போது எல்லாரும் ஒன்றாகக் கலந்து நிற்பதாகவே தோன்றும். வளர்ந்த பின்னர்தான் விளங்கியது, அங்கே ஒருவரும் கலந்து நிற்கவில்லை என்பது. வடக்கயிற்றை யார் தொடலாம், எந்தத் திருவிழா யாருக்கு உரியது, யார் உள்வீதியில் நிற்கலாம், யார் வெளிவீதிக்கும் அப்பால் நின்று கும்பிட வேண்டும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. ஊரின் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காணி உறுதியில் மட்டுமல்ல, தேரோட்டத்திலும் வாசிக்கலாம்.

சாவு வீட்டிலும் இதே கதைதான். பிரேதம் எந்த ஒழுங்கையாற் போகலாம், பறைமேளம் அடிக்கலாமா, நிலபாவாடை விரிக்கலாமா என்பதெல்லாம் சாதி பார்த்தே தீர்மானிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து வில்லூன்றி மயானத்தில் 1944ஆம் ஆண்டு, தாழ்த்தப்பட்டோர் தம்மவர் ஒருவரின் பிரேதத்தைத் தகனஞ் செய்யப் போனபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் ஒன்று போயிற்று. இறந்தவருக்கு ஓர் இடம் கேட்டு நடந்தவர்களே இன்னொருவரைச் சுமந்துகொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. எங்கள் சமூகத்தில் வீதியில் நடப்பது என்பது வெறும் நடையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

படித்த வகுப்பினர் இதற்கு எதிராகக் குரல் கொடுக்காமலில்லை. 1920களில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், சாதி வேற்றுமையைக் கண்டித்தது. தன் மாநாடுகளிற் சமபந்தி போசனம் நடத்தியது. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. பாடசாலைகளிற் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கையும் அக்காலத்தில் எழுந்தது. இவை பெரிய காரியங்கள். ஆயினும் அக்கூட்டங்களின் மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்காகப் பேசியவர்கள். யாருக்காகப் பேசினார்களோ அவர்கள் தாமே திரண்டு பெருவீதிக்கு வருவதற்கு இன்னும் காலம் எடுத்தது.

1957ஆம் ஆண்டில் 21ஆம் இலக்கச் சட்டமாகச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில், கோயிலில், தேநீர்க்கடையிற் தடுப்பது குற்றம் என்று அச்சட்டம் சொல்லிற்று. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில், நான் கண்ட வரையில், ஒன்றும் மாறவில்லை. உள்ளே வாங்கில் இருப்பவர்களுக்குக் கிளாசில் தேநீர். வெளியே நிற்பவர்களுக்குப் போத்தலில். அதே தேயிலை, அதே சீனி, அதே விலை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தோட்ட வேலைக்கு வருபவர்களுக்கு ஆச்சி தேநீரைச் சிரட்டையில் ஊற்றுவா. சிரட்டை கோடிப்புறத்து வேலியிற் செருகியிருக்கும். குடித்தவரே கழுவித் திரும்பச் செருகி வைக்க வேண்டும். இதைச் சட்டமீறல் என்று வீட்டில் எவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு விறகு கொத்தவும் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் ஒருவர் வருவார். என் தந்தையாரைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்க வேண்டும். அவர் என் தந்தையாரை 'நயினார்' என்பார். ஆச்சியை 'நாச்சியார்' என்பார். என்னைச் 'சின்ன நயினார்' என்பார். படலைக்குள் வரும்போது தோளிற் கிடக்கும் சால்வை இடுப்புக்கு இறங்கிவிடும். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். 'நீ' என்றுதான் பேசுவேன். என் வாத்தியாரின் வயதுள்ள ஒருவரை அப்படி அழைப்பதற்கு எனக்கு எவரும் பாடஞ் சொல்லித் தரவில்லை. தாய்ப்பாலோடு வந்த பழக்கம் அது.

இனி ஒக்டோபர் 21க்கு வருவோம்.

இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1960களின் முற்பகுதியில் மொஸ்கோ சார்பு, பீகிங் சார்பு என இரண்டாகப் பிரிந்தது. என். சண்முகதாசன் தலைமை தாங்கிய பீகிங் சார்புப் பிரிவு, வடபகுதியிற் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டத்தைத் தன் முதல் வேலைகளுள் ஒன்றாகக் கொண்டது. கே.ஏ. சுப்பிரமணியம், எழுத்தாளர் கே. டானியல் போன்றோர் கிராமம் கிராமமாகச் சென்று வேலை செய்தார்கள். அக்கட்சியின் சர்வதேச நிலைப்பாடுகள் பற்றி இன்று பலருக்குப் பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். அது இன்றைய பேச்சுக்குப் புறம்பானது. ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைத் திண்ணையில் அவர்களோடு சேர்ந்திருந்து பேசியவர்கள் அவர்கள் என்பதை மறுக்க முடியாது. பாராளுமன்றத்துக்குப் போய்வந்த எங்கள் தலைவர்களுள் அதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஊர்வலம் ஒரு நாளில் உருவாவதில்லை. இதைப் பின்னாளில், அதில் நடந்த சிலரோடு பேசியபோது அறிந்துகொண்டேன். இராக் காலங்களிற் கைவிளக்கு வெளிச்சத்திற் கூட்டம் வைத்தார்களாம். வேலை போனால் என்ன செய்வது, குடியிருக்கும் காணியை விட்டு எழும்பச் சொன்னால் எங்கே போவது, பிள்ளைகளை அடித்தால் யார் கேட்பது என்பவைதாம் அங்கு எழுந்த கேள்விகள். இவற்றுக்கெல்லாம் திருப்தியான விடை எவரிடமும் இருக்கவில்லை. இருந்தும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஊர்வலம் என்பது கொடியும் கோஷமும். உள்ளே நடப்பவருக்கோ அது பல இரவுகள் தூங்காமல் எடுத்த ஒரு முடிவு.

ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. சுன்னாகத்திற் கூடியவர்கள் புறப்பட்டபோது பொலிசார் குண்டாந்தடிகளோடு பாய்ந்தனர். முன்வரிசையில் நின்றவர்களுக்கு அடி விழுந்தது, இரத்தம் வழிந்தது. கூட்டம் கலைந்துவிடும் என்றே பொலிசார் எண்ணியிருக்க வேண்டும். கூட்டம் கலையவில்லை. சிதறியவர்கள் மீண்டும் சேர்ந்து வரிசையாகி நடந்தார்கள். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ ஆறு மைல். மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில் என்று அந்த வீதி செல்கிறது. அவ்வளவு தூரமும் நடந்து போய் யாழ்ப்பாணம் முற்றவெளியிற் பெருங்கூட்டம் வைத்தார்கள். சண்முகதாசன் அங்கே பேசினார்.

நான் கண்டது அந்த ஆறு மைலில் ஒரு நூறு யார் மட்டுமே.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டு நின்றேன். வடக்கே இரைச்சல் கேட்டது. தேர் வருவது போன்ற இரைச்சல். ஆனால் மேளம் இல்லை. படலைக்கு ஓடினேன். தந்தையார் எனக்கு முன்னரே அங்கு நின்றார்.

"படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை போ" என்றார்.

படலையைச் சாத்தினேன். உள்ளே போகவில்லை. கிடுகு வேலியில் ஒரு பொத்தல் இருந்தது. அதிற் கண்ணை வைத்துக்கொண்டேன். சிவப்புக் கொடிகள் வந்தன. சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்ற கோஷம் வந்தது. ஒருவர் தலையிற் துணி கட்டியிருந்தார்; துணி நனைந்து சிவந்திருந்தது. பெண்களும் நடந்து வந்தார்கள். செருப்பில்லாத கால்கள்தாம் அதிகம். முகங்களைப் பார்த்தேன். பாதிப்பேர் நான் அறிந்தவர்கள். எங்கள் கிணறு இறைத்தவர்கள், எங்கள் பனையில் ஏறியவர்கள், எங்கள் உடுப்பு வெளுத்தவர்கள், எங்கள் வீட்டுச் சாவுக்கு மேளம் அடித்தவர்கள். தனித்தனியாக அவர்களை எத்தனையோ தரம் எங்கள் கோடிப்புறத்திற் கண்டிருக்கிறேன். ஒன்றாக, நடு றோட்டில், நிமிர்ந்து நடந்து அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர்களுக்குள் அவரும் வந்தார். வெள்ளைச் சால்வை தோளிற் கிடந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே வந்தபோது தலையைத் திருப்பி என் தந்தையாரைப் பார்த்தார். சால்வை இறங்கவில்லை. கோஷமும் நிற்கவில்லை. அப்படியே நடந்து போனார்.

ஆச்சி திண்ணையில் இருந்து கண்டுவிட்டா. "உதென்ன, சால்வையைத் தோளிலை போட்டுக்கொண்டெல்லே போறான்!" என்றா. இரத்தத்தைக் கண்டு அவ திடுக்கிடவில்லை. சால்வையைக் கண்டே திடுக்கிட்டா. என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஊர்வலம் கடந்து போன பிறகும் நெடுநேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாட் காலை அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் அப்படி நடந்தது. எத்தனையோ நூல்களில் ஊர்வலத்தைப் பற்றி வாசித்திருக்கிறேன். எல்லாம் முற்றவெளிக் கூட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. மறுநாட் காலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அடுப்பு எரியாத அந்தக் காலை, ஊர்வலத்தின் தொடர்ச்சி என்றே நான் கருதுகிறேன். ஓர் ஊர்வலம் மக்களுடையதா அல்லவா என்று அறிய எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நடந்தவர்கள் மறுநாட் காலை என்ன பெற்றார்கள், என்ன இழந்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏற்றி வந்து, சோற்றுப் பார்சலும் கொடுத்து, கையிற் கொடியும் கொடுத்து நடத்தப்படும் ஊர்வலங்களையும் நம் நாட்டிற் கண்டிருக்கிறோம். அவற்றில் நடந்தவருக்கு மறுநாட் காலை எந்த நட்டமும் இல்லை; எந்த மாற்றமும் இல்லை.

ஒக்டோபர் 21இன் பின் நடந்தவை வரலாறு. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. எஸ்.ரி.என். நாகரட்ணம் அதன் தலைவர், டானியல் அமைப்பாளர். அவ்வாண்டில் சங்கானையிலும் அதையடுத்த நிச்சாமத்திலும் தேநீர்க்கடை நுழைவு கடும் மோதலாக மாறிற்று, உயிர்கள் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் அமர்ந்து உள்ளே விடும்படி கேட்டார்கள். வாசலில் நின்று மறித்தவர்களின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அங்கம் வகித்தவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கல்வி வேறு, நியாய உணர்வு வேறு என்பதற்கு நம் மண்ணில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. இவற்றின் பின் தேநீர்க்கடைகள் பலவற்றில் போத்தல்கள் மறைந்தன. பெரிய கோயில்கள் பலவற்றின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இவ்விடத்தில் இலக்கியத்துக்கு வருகிறேன். நமது முற்போக்கு இலக்கியம் மக்களை விழிப்படையச் செய்தது என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. ஓரளவுக்கு உண்மை. என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதை 1950களின் தொடக்கத்திலேயே சாதிமானின் போலித்தனத்தைத் தோலுரித்தது. ஆனால் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. மக்களின் நடை எழுத்தாளர்களை எழுத வைத்தது. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அதிற் பேசும் மனிதர்களோடு அவர் வீதியில் நடந்திருந்தார். ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் ஆலயப் பிரவேசப் போராட்டத்திலிருந்து பிறந்து, அம்பலத்தாடிகளின் கையில் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பட்டது. கோயில் முன்றிலில் ஆடிய கூத்து, கோயிற் கதவைத் திறக்கச் சொல்லி ஆடப்பட்டதை எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்பில் பிறந்த கவிஞர் சுபத்திரன் 'சங்கானைக்கென் வணக்கம்' என்று கவிதை பாடினார். யாழ்ப்பாணத்து ஒரு சிற்றூரின் போராட்டம் கிழக்கிலங்கைக் கவிஞரின் நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே எழும்பி நடந்தது. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் எல்லாச் சாதியும் ஒரே வீதியில், மழையில், தோளோடு தோள் முட்டி நடந்தோம். அது ஊர்வலம் அல்ல, உயிர்தப்பும் ஓட்டம். அதில் எவரும் எதையும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த இடங்களில், கிணற்றடியில் வாளியைத் தொடலாமா என்ற பழைய கேள்வி சில நாட்களிலேயே திரும்பி வந்ததை என் கண்ணாற் கண்டேன். துன்பம் மனிதர்களை ஒன்றாக நடக்க வைக்கும். ஆனால் ஒருவரை ஒருவர் சமமாகப் பார்க்க வைக்க அது மட்டும் போதாது.

மீண்டும் அவரிடம் வருகிறேன். ஊர்வலம் நடந்து சில மாதங்களின் பின் சுன்னாகம் சந்தையில் அவரைக் கண்டேன். மரக்கறி மூடை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடையை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இப்ப எத்தினையாம் வகுப்புப் படிக்கிறீர்?" என்று கேட்டார்.

தம்பி! சின்ன நயினார் போய்விட்டார். எனக்கு வாய் வரவில்லை. "ஏழாம் வகுப்பு" என்று மட்டும் சொன்னேன். நீ என்றும் சொல்லவில்லை, நீங்கள் என்றும் சொல்லவில்லை. பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. அவர் ஒரே சொல்லாற் கடந்த தூரத்தை நான் கடக்கச் சில வருடங்கள் பிடித்தன. 'அண்ணை' என்று நான் அவரை முதன்முதலாக அழைத்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான். அப்போதும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருந்ததா, எள்ளல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிற்காலத்தில் நான் ஆசிரியரானேன். 'பஞ்சமர்' பற்றிப் பேசும்போது இந்த ஊர்வலத்தைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சேர், நீங்களும் அந்த ஊர்வலத்திலை போனீங்களோ?" என்று கேட்டாள்.

"நான் அதைப் பார்த்தேன்" என்றேன்.

எங்கே நின்று பார்த்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது. இன்று நேயர்களாகிய உங்களுக்குச் சொல்லிவிட்டேன். வேலிக்கு இப்பால், படலையை நானே சாத்திவிட்டு, ஒரு பொத்தலுக்குள்ளால் பார்த்தேன்.